எந்தப் பெயரில் எழுதி வைத்தார்கள்?



யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அவரைப் புகழ்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் பொருளுக்கு வருவதுதான் நினைவுச் சொற்பொழிவுகளின் வழக்கம். நம் மூத்த தோழருக்கு அது ஆகாது. படத்துக்கு மாலை வேண்டாம், துண்டறிக்கையில் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். அவருடைய சொல்லை மீறாமல், அவர் விட்டுச்சென்ற ஒரு நோட்டைப் பற்றி மட்டும் சொல்லித் தொடங்குகிறோம்.

கோடு போட்ட சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு அது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு கேள்வி. அதன் கீழே அவர் ஏறி இறங்கிய அலுவலகம், போன தேதி, கிடைத்த பதில். முக்கால்வாசிப் பக்கங்களில் பதில் ஒன்றுதான்: ‘இல்லை என்றார்கள்.’ இதுவரை எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் ஒவ்வொரு ‘இல்லை’க்கும் கீழே அவர் இன்னொரு வரி எழுதியிருக்கிறார். எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டேன் என்பது அந்த வரி. ‘பஞ்சமி நிலம் என்று கேட்டேன். இல்லை.’ அடுத்த மாதத் தேதியில், ‘டி.சி. நிலம் என்று கேட்டேன். இல்லை.’ அதற்கும் அடுத்து, ‘கண்டிஷன் பட்டா என்று கேட்டேன். எழுத்தர் எழுந்து போய் ஒரு கட்டை எடுத்து வந்தார்.’

அவர் கைப்பேசியில் பேசுவதோடு சரி, இணையத்தில் எதையும் தேடியவர் இல்லை. இருந்தும் இன்று நாம் இணையத்தில் எப்படித் தேட வேண்டும் என்பதற்கு அந்த நோட்டைவிட நல்ல பாடநூலை நாங்கள் பார்க்கவில்லை. கேட்டது கிடைக்காதபோது ‘இல்லை’ என்று எழுதி மூடுவதற்கு முன், எந்தப் பெயரில் கேட்டோம் என்று எழுதி வைப்பது. அந்தப் பழக்கத்தை விரித்துச் சொல்வதுதான் இந்த உரை.

முதலில் இந்த ஊரையே எடுத்துக்கொள்வோம். சொற்பொழிவுக்கு முன்பு மூன்று மாலைகள் கீழப்பழுவூரில் நம் மாணவர்கள் கைப்பேசியோடு உட்கார்ந்து தங்கள் ஊரைத் தேடினார்கள். ‘பழுவூர்’ என்று அடித்தால் வருவது ‘பொன்னியின் செல்வன்’தான். கல்கியின் பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், நந்தினி. பிறகு 2022, 2023 ஆண்டுகளில் வந்த இரண்டு படங்கள், அவற்றின் பாட்டு, வசூல், உடை அலங்காரம். சேரி இருக்கும் ஊர் அந்தத் திரைக்குப் பின்னால் போய்விட்டது. இதற்கு ஒரு சிறிய வழி உண்டு. தேடும் சொற்களுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியைப் போட்டு, அதை ஒட்டியே வேண்டாத சொல்லை அடித்தால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும். கதையின் பெயரையும் இயக்குநர் பெயரையும் கழித்துவிட்டுப் பார்த்தபோதுதான் கோயில், கல்வெட்டு, சிமெண்ட், சுண்ணாம்புக்கல், ஊராட்சி என்று ஊர் வெளியே வந்தது.

அது போதுமா என்றால் போதாது. கீழப்பழுவூரை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘கீ’க்கு ஐ ஒன்று, அல்லது இ இரண்டு. ‘ழ’வுக்கு எல், அல்லது இசட்-எச். நடுவில் ‘ப்’ ஒன்று அல்லது இரண்டு. ‘பழுவூர்’ என்பதைப் பேச்சு வழக்கில் ‘பளூர்’ என்று கேட்டு எழுதியவர்களும் உண்டு. தொல்லியல் துறையின் எழுத்து ஒன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எழுத்து ஒன்று, பதிவுத் துறையின் எழுத்து ஒன்று. ஒன்றை மட்டும் அடித்துவிட்டு ‘நம் ஊரைப் பற்றி எதுவும் இல்லை’ என்று வருந்தக் கூடாது. எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டிரண்டாக, நடுவே ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘ஆர்’ என்ற ‘அல்லது’ குறியைப் போட்டுத் தேட வேண்டும். வெண்மணிக்கும் இதே கதிதான். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்ட அந்த ஊர் ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு வடிவத்தில் தேடுபவருக்குக் கிடைக்கும் கட்டுரைகள் இன்னொரு வடிவத்தில் தேடுபவருக்குக் கிடைப்பதில்லை. எழுத்து வேறுபாட்டோடு வகைப்பாடும் சேர்ந்துகொள்ளும். வெண்மணியைச் சாதிக்கொடுமை என்று தேடினால் கிடைக்காத பல பக்கங்கள் கூலித் தகராறு, விவசாயக் கலவரம், தஞ்சை நிலப் பிரச்சினை என்ற தலைப்புகளின் கீழே கிடக்கின்றன. எழுதியவன் அதை என்னவாகப் பார்க்க விரும்பினானோ அந்தப் பெட்டியில்தான் போட்டு வைத்திருப்பான்.

மாவட்டமும் அப்படித்தான். கீழப்பழுவூர் இன்று அரியலூர் மாவட்டம். ஆனால் இந்த மாவட்டம் 2001 ஜனவரியில் பிறந்து, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. பெரம்பலூரே 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டம். வெள்ளையர் காலத்தில் இது டிரிச்சினாபொலி மாவட்டத்து உடையார்பாளையம் தாலுகா. ஆக 1980-இல் நடந்த ஒன்றை ‘அரியலூர் மாவட்டம்’ என்று சேர்த்துத் தேடினால் கிடைக்காது. இன்னும் பின்னால் போனால், கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில் கல்வெட்டுகளில் ஊரின் பெயர் சிறுபழுவூர், இருக்கும் இடம் குன்றக் கூற்றம். ‘பழு’ என்றால் ஆலமரம். ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் ஒரே மரத்தைத்தான் சொல்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற தொகுதிகளில் இந்தக் கல்வெட்டுகள் அச்சாகி, அந்தத் தொகுதிகள் மின்னுருவாகவும் கிடைக்கின்றன. சிறுபழுவூர் என்ற பெயர் தெரியாதவருக்கு அந்தப் பக்கங்கள் திறக்காத பூட்டு.

ஊரின் பெயருக்கே இப்படி என்றால், ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களின் பெயருக்கு?

இங்கேதான் தோழர்களே, மற்றவர்கள் தேடுவதற்கும் நாம் தேடுவதற்கும் வேறுபாடு. ஒரு ஜமீன் குடும்பத்துப் பிள்ளை தன் பாட்டனைத் தேடினால் பாட்டன் பெயரிலேயே பத்திரமும் வழக்கும் கிடைக்கும். நம் பாட்டனுக்கு ஆவணத்தில் பெயரில்லை. எண்ணிக்கை உண்டு, வகை உண்டு. அந்த வகையின் பெயரையும் நாம் வைக்கவில்லை. காலத்துக்குக் காலம் வேறு யாரோ மாற்றி மாற்றி வைத்தார்கள். எனவே ஆண்டு தெரிந்தால்தான் சொல் தெரியும்.

1819-இல் சென்னை மாகாண வருவாய் வாரியம், உங்கள் மாவட்டத்தில் அடிமைகள் இருக்கிறார்களா, எப்படி விற்கப்படுகிறார்கள் என்று கலெக்டர்களைக் கேட்டது. திருச்சிராப்பள்ளி கலெக்டரும் பதில் எழுதினார். அந்தக் கடிதங்கள் இந்தியாவில் அடிமைமுறை பற்றி 1828-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அச்சிட்ட தொகுப்பில் இருக்கின்றன. மின்னுருவாகவும் கிடைக்கிறது. ஆனால் இன்று நாம் எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘பள்ளர்’ என்றோ ‘பறையர்’ என்றோ அடித்தால் அது வராது. அந்தக் காலத்துத் துரை ‘பள்ளர்’ என்பதைக் காதால் கேட்டு, ஆங்கிலத்தில் ‘இழுப்பவர்’ என்று பொருள்படும் சொல்லின் எழுத்துக்களிலேயே எழுதி வைத்தார். தேடுபொறிக்கு அது சாதிப் பெயராகத் தெரிவதில்லை. பல்லைப் பிடுங்கும் கருவியையும் வண்டி இழுப்பவரையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. கூடவே ‘டிரிச்சினாபொலி’, ‘அடிமை’, ‘நஞ்சை’ என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைச் சேர்த்த பிறகுதான் அந்தப் பக்கம் மேலே வருகிறது.

அதன் பின் வரும் காலங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அரசுக் காகிதங்களில் ‘பறையா’ என்பதும் ‘பஞ்சமர்’ என்பதும் கலந்து வருகின்றன. 1922-இல் சென்னை அரசு அந்தச் சொற்களை விலக்கி ‘ஆதிதிராவிடர்’ என்று எழுத ஆணையிட்டது. அதே காலத்தில் ‘தாழ்த்தப்பட்ட வகுப்பார்’ என்பதன் ஆங்கிலச் சொல்லும் ஓடிக்கொண்டிருந்தது. டி.சி. என்ற சுருக்கம் அதிலிருந்து வந்ததுதான். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ‘பட்டியல் சாதி’. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் ‘அரிஜன்’. துறையின் பெயரும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று ஆதிதிராவிடர் நலத் துறை என்பது முன்பு அரிஜன நலத் துறை. அதற்கும் முன்பு, 1920-களில், இந்த வேலையைப் பார்த்தவர் லேபர் கமிஷனர். நம் மக்களுக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுத்ததும் பள்ளி திறந்ததும் கிணறு வெட்டியதும் தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகளில் இருக்கின்றன. தொழிற்சங்க வரலாறு எழுதுபவர்கள் அதைப் புரட்டியிருப்பார்கள். சேரிப் பள்ளியின் வரலாற்றைத் தேடும் ஆசிரியப் பயிற்சி மாணவிக்கு அந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. இப்படித் தேடும்போது, நம் மீது எறியப்பட்ட சொற்களை நம் விரலாலேயே அடிக்க வேண்டியிருக்கிறது. அந்த மூன்று மாலைகளில் ஒரு மாணவி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, ‘இதை நான் அடிக்க மாட்டேன்’ என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. மறுநாள் அவரே வந்து உட்கார்ந்தார். அது அவருடைய முடிவு. தேடல் பயிற்சி என்று வகுப்பெடுக்கிறவர்கள் இந்த இடம் வரும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு வகுப்பெடுக்க வேண்டும்.

பெயர் ஒரு பாதி. மறுபாதி, இதை எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கு இருந்தது என்று யோசிப்பது. தேடுபெட்டியில் கேள்வியை அப்படியே கொட்டாமல், இந்தத் தகவல் உலகத்தில் எங்காவது தாளில் இருக்குமானால் அந்தத் தாளை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கிராம அளவில் எஸ்.சி. மக்கள்தொகை வேண்டுமா? கணக்கெடுப்புத் துறை எழுதித்தான் ஆக வேண்டும். 2011 கணக்கெடுப்பின் ஊர்வாரிப் பட்டியலில் தனிப் பத்தியாகவே இருக்கிறது. 1890-களில் ரெட்டைமலை சீனிவாசன் நடத்திய ‘பறையன்’ இதழ் என்ன எழுதியது என்று தெரிய வேண்டுமா? இதழ் கைக்குக் கிடைப்பது அரிது. ஆனால் அந்நாளைய அரசு சுதேசிப் பத்திரிகைகளைக் கண்காணித்து, வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதி வைத்தது. நம்மைக் கவனிக்க எழுதிய அந்தச் சுருக்கங்களில் ‘பறையன்’ எழுதியவையும் இருக்கின்றன. அயோத்திதாசரின் ‘தமிழன்’ 1907 ஜூனில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கியது. அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து நூலாக வரும்வரை, பேராசிரியர்கள் பலருக்கே அப்படியொருவர் இருந்தது தெரியாது. அந்த இதழ்களை எண்பது ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றியவை சில வீடுகளின் பெட்டிகள். அரசு நூலகத்தில் இல்லை என்பதால் உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிடாது.

இனி, நம் தோழர் நோட்டில் பாதியை நிரப்பிய நிலத்துக்கு வருகிறோம்.

செங்கல்பட்டில் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரமன்ஹீர், அங்குள்ள பறையர்களின் நிலை குறித்து 1891-இல் ஒரு குறிப்பு எழுதினார். அதன் பின் 1892 செப்டம்பர் 30-இல் வருவாய்த் துறை ஆணை வந்தது. அதன் எண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள். 1010, 1010ஏ என்று சிலர். 1010/10ஏ என்று சிலர். ஒருவர் எழுதியதை ஒருவர் பார்த்து எழுதியதில் எண்ணே திரிந்திருக்கிறது. இரண்டையும் அடித்துத் தேடினால்தான் எல்லாம் கிடைக்கும். மனு எழுதும்போது துறையையும் தேதியையும் சேர்த்தே எழுதினால் எண் திரிந்தாலும் ஆணை தப்பாது. பத்தாண்டுகளுக்குக் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குள் மட்டுமே கைமாற வேண்டும் என்ற நிபந்தனைகள் வருவாய் வாரியத்தின் 15-ஆம் நிலை ஆணையில் இருக்கின்றன. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நாம் மேடைதோறும் சொல்லும் தொகையை, எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம் என்று கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது முழக்கம் மட்டுமில்லை, புல எண்களும் இருந்தன.

பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு பாட்டி எங்களிடம் சொன்னார்: ‘அந்த முக்கா ஏக்கரு வெள்ளக்காரன் எங்க மாமனாரோட அப்பாருக்குக் குடுத்தது. இப்ப வேற ஆளு சோளம் போடுறான்.’ எந்த ஊர், யார் என்பதை வழக்கு கருதி இங்கே சொல்லவில்லை. எப்படித் தேடினோம் என்பதை மட்டும் சொல்கிறோம்.

முதலில் கேட்டது, அந்த ஊர் அயன் கிராமமா, ஜமீன் கிராமமா என்பது. உடையார்பாளையம், அரியலூர் ஜமீன்கள் இருந்த பகுதி இது. ஜமீன் ஊரில் 1892 ஆணைப்படி அரசு நிலம் ஒப்படைத்திருக்க வழியில்லை. அங்கே 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிந்தைய காகிதங்களைத்தான் பார்க்க வேண்டும். எல்லா ஊரிலும் பஞ்சமி நிலம் இருந்தே தீரும் என்று முடிவு செய்துகொண்டு தேடினால், இல்லாததைத் தேடி ஆண்டுகள் போகும். பக்கத்து நிலத்தின் பழைய கிரையப் பத்திரம் ஒன்றில் ‘அயன் புஞ்சை’ என்று இருந்தது. சரி, மேலே போகலாம்.

தமிழ்நாடு அரசின் நில ஆவணப் பக்கத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் ‘அ’ பதிவேட்டு விவரம் திறக்கும். காசில்லை. பாட்டியின் பேரன் புல எண்ணைப் பக்கத்து வயல்காரரிடம் கேட்டு வந்தான். திறந்தோம். ரயத்துவாரி, புஞ்சை, வேறொருவர் பெயர். டி.சி. என்றோ நிபந்தனை என்றோ ஓர் எழுத்துகூட இல்லை. பேரன் கைப்பேசியை மூடப் போனான்.

இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். இணையத்தில் இருப்பது எந்த ஆண்டின் காகிதம்? 1979 முதல் 1987 வரை தமிழ்நாடெங்கும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்றால் எல்லோருக்கும் புரியும். அப்போது யார் பெயர் ஏறியதோ, எந்தக் குறிப்பு ஏறியதோ அதன் தொடர்ச்சிதான் கணினியில் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் இருந்த ஒரு சொல், புதிய பதிவேட்டுக்கு வராமலே போயிருக்கலாம். வேண்டுமென்றும் விட்டிருக்கலாம், கைமறதியாகவும் விட்டிருக்கலாம். ஆகவே கணினி ‘இல்லை’ என்பதற்கு ‘1987-க்குப் பிறகு இல்லை’ என்றுதான் பொருள். நல்லவேளையாக அதே பதிவேட்டில் பழைய புல எண் என்று ஒரு பத்தி உண்டு. அந்த எண்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. அதைக் குறித்துக்கொண்டோம். பதிவுத் துறையின் பக்கத்தில் வில்லங்கச் சான்று பார்த்தோம். பல சார்பதிவகங்களுக்கு 1975 முதல் இணையத்தில் பார்க்க முடிகிறது. இரண்டு கிரையங்கள் இருந்தன. இரண்டுமே யு.டி.ஆர். முடிந்த பிறகு நடந்தவை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 என்று தேடினால் முதலில் வருகிற பிரதிகளில் பல, பழையவை. நிலத்தை அபகரிப்பது அவற்றில் 3(1)(iv), (v) என்று இருக்கும். 2016 ஜனவரி 26-இல் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகு அவை 3(1)(எஃப்), (ஜி). பழைய எண்ணைப் போட்டுப் புகார் எழுதி, காவல் நிலையத்தில் அதையே காரணமாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நடுவண் அரசின் இந்தியா கோட் தளத்தில் திருத்தங்களோடு கூடிய பிரதி இருக்கிறது. எந்தச் சட்டத்தைத் தேடினாலும் கடைசித் திருத்தம் எப்போது என்று பார்த்த பிறகே படியெடுங்கள்.

இனி கைவேலை. தேடுபொறியில் இரட்டை மேற்கோளுக்குள் அடித்த தொடர் அப்படியே தேடப்படும் என்பது பலருக்குத் தெரியும். தமிழில் அதில் ஒரு சிக்கல் உண்டு. ‘பழுவூர்’ என்று மேற்கோளிட்டால் ‘பழுவூரில்’, ‘பழுவூரைச் சேர்ந்த’ என்பன வராமல் போகலாம். நம் மொழியில் வேற்றுமை சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே அடித்துப் பார்க்க வேண்டும். ‘சைட்’ என்பதை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அரசுத் தளத்தின் முகவரியைச் சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். ‘ஃபைல்டைப்’ என்று அடித்து, முக்காற்புள்ளியோடு ‘பிடிஎஃப்’ சேர்த்தால் அந்த வகைக் கோப்புகள் மட்டும் வரும். அரசாணைகள், அறிக்கைகள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் அந்த வகைதான்.

ஆனால் தமிழ்நாட்டு அரசுக் கோப்புகளில் இன்னொரு பூட்டு இருக்கிறது. ஒருங்குறியை அரசு 2010-இல்தான் தரமாக அறிவித்தது. அதற்கு முன்பும், பல அலுவலகங்களில் அதற்குப் பின்பும், வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்தக் கோப்பு, தேடுபொறிக்கு அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அதற்கு ஒரு கள்ளச்சாவி இருக்கிறது. எழுத்துரு மாற்றி ஒன்றில் ‘ஆதிதிராவிடர்’ என்று ஒருங்குறியில் கொடுத்து, அந்தப் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் ஒரு விசித்திரமான ஆங்கில எழுத்துத் தொடர் வரும். அதையே மேற்கோளிட்டுத் தேடுங்கள். எப்போதும் கிடைக்காது. கிடைத்தால், வேறு யாரும் தொடாத கோப்பாக இருக்கும். வெறும் படமாக வருடிப் போட்ட கோப்புகளுக்கு இதுவும் உதவாது. படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, ஆவணமாகத் திறந்தால் தமிழ் எழுத்தைப் படித்துக் கொடுக்கிறது. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் பழைய ‘ணை’, ‘லை’, ‘னை’ எழுத்துகளில் தடுமாறும். கையால் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடும்போது வெறுமனே அடித்தால் நூலின் தலைப்பையும் ஆசிரியரையும்தான் தேடும். நூலுக்குள் தேட, உள்ளடக்கத்தில் தேடு என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை. ஹெமிங்வேயின் டிரிச்சினாபொலி கெஜட்டியர், 1907, அங்கே முழுதாகக் கிடைக்கிறது. ஹாதிடிரஸ்ட் தளம், காட்ட உரிமையில்லாத நூலில்கூட நீங்கள் தேடிய சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று எண்ணைச் சொல்லும். எண் கையில் இருந்தால் நூலகத்தில் இருக்கும் நண்பரிடம் அந்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். சென்னையில் ரோஜா முத்தையா நூலகமும் எழும்பூர் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. இங்கிருந்து பேருந்துச் செலவு செய்து போகும் மாணவர், பக்க எண்ணோடு போனால் ஒரே நாளில் திரும்பலாம்.

நீக்கப்பட்ட அரசுப் பக்கங்களுக்கு, அதே ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். இன்றைக்கு இருக்கிற முக்கியமான பக்கத்தை நீங்களே அதில் சேமித்தும் வையுங்கள். நாளைக்கு அது இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

தேடல் முடிவின் தலையில் இப்போதெல்லாம் இயந்திரமே ஒரு பதிலை எழுதிக் காட்டுகிறது. அழகான தமிழில் அரசாணை எண்ணும் தேதியும் சொல்லும். அந்த எண்ணில் அப்படியோர் ஆணையே இல்லாமலும் இருக்கலாம். மூலப் பக்கம் கண்ணில் படும்வரை அதை மனுவில் எழுதாதீர்கள். ஒரே ஒரு பொய் எண் போதும், மற்ற ஒன்பது உண்மைகளையும் அதைக் காட்டித் தள்ளுவதற்கு.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு சுரங்கத்தையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைச் சொல்லவில்லை, அதைப் பற்றிய காகிதச் சுரங்கத்தைச் சொல்கிறோம். 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி கேட்கும் பெரிய சுரங்கமும் ஆலையும் ஓர் அறிக்கை தர வேண்டும். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். மக்கள் கருத்துக் கேட்புக்கு முப்பது நாள் முன்பே அறிவிப்புச் செய்ய வேண்டும். அந்த அறிக்கைகளில் பலவற்றை நடுவண் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பார்க்கலாம். அவற்றில் புல எண் வாரியாக எந்த நிலம் பட்டா, எது புறம்போக்கு என்று அட்டவணை இருக்கும். கருத்துக் கேட்பின் குறிப்பில் யார் எழுந்து என்ன சொன்னார்கள் என்றும் இருக்கும். வருவாய் அலுவலகம் ‘பார்க்க முடியாது’ என்று சொல்லும் விவரத்தைச் சுரங்கம் கேட்டவரே தன் தேவைக்காக எழுதிக் கொடுத்திருக்கிறார். யாருக்கு எழுத வேண்டிய கட்டாயம் இருந்தது என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான். பாட்டியின் பழைய புல எண்ணுக்குப் பக்கத்து எண்கள் அப்படியோர் அட்டவணையில் எங்களுக்குக் கிடைத்தன. பாட்டியுடையது அதில் இல்லை.

இணையம் அந்த இடத்தோடு நின்றுவிட்டது. ஆனால் இப்போது என்ன கேட்க வேண்டும், எந்தப் பெயரில் கேட்க வேண்டும் என்பது தெரியும். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பேரன் பெயரில் மனு எழுதினோம். ‘பஞ்சமி நிலம் உள்ளதா?’ என்று கேட்கவில்லை. ‘உள்ளதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பதற்கு ஓர் எழுத்தர் போதும். யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டில் பழைய புல எண் இன்னதற்கான பக்கத்தின் சான்றிட்ட நகல், குறிப்புப் பத்தி உட்பட, என்று கேட்டோம். பதிவேடு வேறு அலுவலகத்தில் இருந்தால் பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாளுக்குள் அங்கே அனுப்பும்படியும், நகல் தர இயலாவிட்டால் பிரிவு 2(ஜே)-இன்படி நேரில் பார்வையிட நாள் குறிக்கும்படியும் சேர்த்தோம். தபாலில் அனுப்பிவிட்டு, நம் தோழரின் நோட்டில் அவர் எழுதாமல் விட்ட அடுத்த பக்கத்தில் தேதியைக் குறித்தோம்.

அதன் கீழே, வழக்கப்படி, எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டோம் என்றும் எழுதியிருக்கிறோம். முப்பது நாளில் பத்தொன்பது போயிருக்கிறது. பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் பேரனைத் தபால்காரரிடம் அனுப்பிக் கேட்டு வரச் சொல்கிறார்.